பனி எந்த ஊரில் பெய்தது?



அழைப்பிதழில் எனக்குப் போட்டிருக்கும் தலைப்பு 'வாசிப்பும் வாழ்வும்'. அதைப் பற்றி நான் இன்று பேசப்போவதில்லை. அமைப்பாளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேற்று மாலை இதே பந்தலில், இதே மைக்கில், பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடந்தது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்வி வந்தது: "ஒரு குண்டுகூட வெடிக்காமல் 45 ஆண்டுகள் நடந்த போர் எது?" இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், எட்டாம் வகுப்பு இருக்கும், துள்ளி எழுந்து "பனிப்போர்!" என்றாள். "மிகச் சரியான விடை" என்றார் கேட்டவர். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று பரிசு கொடுத்தார்கள்.

அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். கேள்வியை எழுதியவர் மேல்தான் கோபம். ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லையாம்!

பனி என்றால் நமக்கு என்ன? மார்கழி. விடிகாலையில் வாசலில் கோலம் போடும்போது தலையில் ஒரு துண்டு. பெரியவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். மிஞ்சிப் போனால் சளி பிடிக்கும், கஷாயம் வைத்தால் சரியாகிவிடும். இரண்டு அமைச்சர்கள் ஒரே மேடையில் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தால் மறுநாள் பத்திரிகையில் 'பனிப்போர்'. மாமியாரும் மருமகளும் ஒரு வாரம் பேசாவிட்டால் பனிப்போர். அதே சொல்லைத்தான் லட்சம் லட்சமாக ஆள் செத்ததற்கும் வைத்திருக்கிறோம்.

இந்தப் பெயரை ஊரறியச் செய்தவர்கள் யார்? 1947இல் பெர்னார்ட் பரூக் என்ற அமெரிக்கப் பெரும்பணக்காரர் ஒரு கூட்டத்தில் சொன்னார். அதே ஆண்டு வால்ட்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் தம் புத்தகத்துக்கே அதைத் தலைப்பாக்கினார். வாஷிங்டனில் உட்கார்ந்து பார்த்தால் அது குளிர்ந்த போர்தான். மாஸ்கோவில் உட்கார்ந்து பார்த்தாலும் அப்படித்தான். அவர்கள் தங்கள் ஊர் நிலவரத்தைச் சொன்னார்கள். நாம் எதற்கு அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டோம்? பனி எந்த ஊரில் பெய்தது என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா?

கொரியாவுக்கு வாருங்கள். நம் ஊரில் பங்காளிகள் பாகம் பிரித்தால்கூட சர்வேயர் வருவார், சங்கிலி பிடித்து அளப்பார், நான்கு பக்க எல்லைக்காரரையும் கூப்பிட்டு நிற்கவைப்பார். கொரியாவை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? 1945 ஆகஸ்ட். நடு ராத்திரி. வாஷிங்டனில் ஓர் அறை. டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்று இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள். கையில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் வெளியிட்ட வரைபடம். அரை மணி நேரத்தில் 38ஆவது அட்சக் கோட்டைக் காட்டிவிட்டார்கள். ரஷ்யாவும் சரி என்றது. கொரியர் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கோட்டின் மேல் 1950 ஜூன் 25 அன்று போர் மூண்டது. மூன்று வருஷத்தில் அந்தச் சிறிய நாட்டின் மேல் அமெரிக்க விமானங்கள் போட்டது 6 லட்சத்து 35 ஆயிரம் டன் குண்டு. அதில் 30 ஆயிரம் டன்னுக்கு மேல் நாபாம். நாபாம் என்றால் கூழாக்கிய பெட்ரோல். தோலில் ஒட்டிக்கொண்டு எரியும், தட்டினால் தட்டிய கையிலும் ஒட்டும். செத்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். 1953 ஜூலை 27 அன்று சண்டையை நிறுத்தினார்கள். சமாதான ஒப்பந்தம் இன்று வரை போடவில்லை.

இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்கிறேன். ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். லெப்டினன்ட் கர்னல், டாக்டர். இந்திய ராணுவத்தின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அழைத்துக்கொண்டு 1950இல் கொரியா போனவர். கடுங்குளிரில் போய் இறங்கினார்கள். 1951 மார்ச்சில் முன்சான் என்ற இடத்தில் அமெரிக்கப் படையினர் பாராசூட்டில் குதித்தபோது, காயம்பட்டவர்களைப் பார்க்க இவரும் தம் ஆட்களோடு கூடவே குதித்தார். மகாவீர் சக்கரம் வாங்கினார். கேள்வி எழுதியவரை நான் கேட்கிறேன், ஐயா, ஒரு குண்டுகூட வெடிக்காத போருக்கு டாக்டர் எதற்கு? யாருக்குக் கட்டுப் போட அவர் வானத்திலிருந்து குதித்தார்?

(கையில் ஒரு கரண்டியை உயர்த்திக் காட்டுகிறார்.)

பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? கரண்டி. சாதாரண அலுமினியக் கரண்டி. நம் சந்தையில் பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைப்பது போலத்தான் இருக்கும். கனமே இல்லை. ஓரம் கொஞ்சம் சொரசொரப்பு, அச்சில் வார்த்தது. லாவோஸ் போய் வந்த நண்பர் ஒருவர் எனக்குக் கொடுத்தார். அங்கே சியெங் குவாங் மாகாணத்தில் நாப்பியா என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர்கள் வயலில் கிடக்கும் அலுமினியத்தைப் பொறுக்கி, மண் அடுப்பில் உருக்கி, மரமும் சாம்பலும் சேர்த்துச் செய்த அச்சில் ஊற்றிக் கரண்டி செய்து விற்கிறார்கள். வயலில் அலுமினியம் எப்படி வந்தது? வானத்திலிருந்து விழுந்தது. இது குண்டு, தாய்மார்களே. குண்டை உருக்கிய கரண்டி.

1964 முதல் 1973 வரை ஒன்பது வருஷம் லாவோஸ் மேல் அமெரிக்கா போட்டது 20 லட்சம் டன். சராசரி பார்த்தால் எட்டு நிமிஷத்துக்கு ஒரு விமானச் சுமை, இரவும் பகலுமாக. நான் இந்த மேடையில் ஏறியதிலிருந்து ஒன்று விழுந்திருக்கும். நான் இறங்குவதற்குள் இன்னொன்று விழும். அன்று அந்த நாட்டின் ஜனத்தொகைக்கு, கைக்குழந்தை உட்பட, கிட்டத்தட்ட ஆளுக்கு ஒரு டன். இத்தனைக்கும் லாவோஸ் நடுநிலை நாடு என்று 1962இல் ஜெனீவாவில் கையெழுத்துப் போட்டவர்களில் அமெரிக்காவும் ஒன்று. அதனால் சொந்த ஜனங்களிடமே மறைத்து நடத்தினார்கள். வியட்நாமில் போட முடியாமல் மிஞ்சிய குண்டுகளைத் திரும்பும் வழியில் லாவோஸ் மேல் கொட்டிவிட்டுப் போன விமானங்கள் உண்டு. எச்சில் இலை எறிகிற மாதிரி!

அதில் கொத்துக்குண்டு என்று ஒன்று. பெரிய கூடு வானத்திலேயே திறந்துகொள்ளும், உள்ளிருந்து நூற்றுக்கணக்கில் சின்னக் குண்டுகள் சிதறும். ஒவ்வொன்றும் டென்னிஸ் பந்து அளவு. நம் பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறார்களே, அதே பந்து அளவு. 27 கோடி போட்டார்கள். 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டது. லாவோஸ் ஜனங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'பாம்பி'. பாம்பு என்றாலாவது சீறும், விலகிப் போகும். இது பேசாமல் 50 வருஷம் கிடக்கும். மண்வெட்டி பட்டால் வெடிக்கும். அடுப்பு மூட்டினால் அடியில் கிடந்து வெடிக்கும். பந்து என்று எடுத்த பிள்ளையின் கையில் வெடிக்கும். போர் முடிந்த பிறகு மட்டும் 20 ஆயிரம் பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள் அல்லது கை கால் இழந்திருக்கிறார்கள். 2016இல்தான் பதவியிலிருக்கும் ஓர் அமெரிக்க ஜனாதிபதி, ஒபாமா, அந்த மண்ணில் முதல்முறையாகக் கால் வைத்தார். குண்டு அகற்ற மூன்று வருஷத்துக்கு 9 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். கொத்துக்குண்டு வேண்டாம் என்று 2008இல் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. அமெரிக்கா கையெழுத்துப் போடவில்லை. ரஷ்யா போடவில்லை. காந்தி பிறந்த நம் நாடும் போடவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

படித்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஜான் லூயிஸ் காடிஸ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1986இல் அந்தக் காலத்துக்கு 'நீண்ட அமைதி' என்றே பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். அவர் கட்சிக்காரர்கள் சொல்வது இவ்வளவுதான்: பெரிய வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளவில்லை, ஆகவே தெருவில் சண்டையே இல்லை. அணுகுண்டு இருந்ததால்தான் உலகம் பிழைத்ததாம்!

அணுகுண்டா காப்பாற்றியது? 1962 அக்டோபர் 27. கியூபாவுக்குப் பக்கத்தில் கடலடியில் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி. மேலே அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டு போட்டுக்கொண்டிருக்கின்றன. உள்ளே தாங்க முடியாத வெக்கை, மூச்சு முட்டுகிறது. மாஸ்கோவோடு தொடர்பில்லை. போர் தொடங்கிவிட்டதென்று நினைத்த கேப்டன் அணு டார்ப்பீடோவைத் தயார் செய்யச் சொல்கிறார். அதே கப்பலில் இருந்த வசிலி ஆர்க்கிபோவ் என்ற அதிகாரி வேண்டாம் என்று தடுத்தார். அந்த ஒரு மனிதனின் நிதானத்தில் பிழைத்தோம். காப்பாற்றிய மனிதனை விட்டுவிட்டு, கொல்ல இருந்த குண்டுக்கு மாலை போடுகிறீர்களே!

எங்கள் தெருவில் ஒரு தோழர் இருக்கிறார். வியட்நாம் என்றால் கண் கலங்கிவிடுவார். 1956இல் புடாபெஸ்ட் தெருவில் சோவியத் டாங்கிகள் புகுந்ததே, 1968இல் பிராகாவில் புகுந்ததே என்று கேட்டால் உடனே காது மந்தமாகிவிடும். "தம்பி, மைக் சரியில்லை" என்பார். எதிர் வீட்டில் இன்னொருவர், மகன் அமெரிக்காவில். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை 1979 டிசம்பரில் புகுந்ததிலிருந்து 1989 பிப்ரவரியில் வெளியேறியது வரை தேதி வாரியாக ஒப்பிப்பார். மை லாய் என்றால், "அது என்ன, சீனாக்காரன் பலகாரமா?" என்று என்னிடமே கேட்டார். பலகாரமில்லை ஐயா, கிராமம்! 1968 மார்ச் 16 காலையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கிழவிகளையும் பச்சைக் குழந்தைகளையும் வரிசை கட்டிச் சுட்ட கிராமம். வியட்நாமியர் நினைவுச்சின்னத்தில் எழுதி வைத்திருக்கும் கணக்கு 504 பேர். தண்டனை பெற்றவன் ஒரே ஒருவன். அவன் அடைபட்டிருந்தது சுமார் மூன்றரை வருஷம், அதுவும் பெரும்பாலும் வீட்டுக்காவலில். வகுத்துப் பாருங்கள், ஓர் உயிருக்கு இரண்டரை நாள்!

இந்த இரண்டு பேரும் தினமும் ஒரே டீக்கடையில் சண்டை போடுகிறார்கள். ஒரே ஒரு சொல்லில் மட்டும் இருவரும் ஒற்றுமை. இருவரும் 'பனிப்போர்' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தச் சொல்லுக்குள் அடங்கிய ஒருவரைச் சொல்கிறேன்: காங்கோவின் முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா. 1961 ஜனவரி 17 அன்று சுட்டுக் கொன்றார்கள். உடலை அமிலத்தில் கரைத்தார்கள். கரைத்த பெல்ஜியப் போலீஸ்காரர் ஒரு பல்லை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அறுபத்தோரு வருஷம் கழித்து, 2022 ஜூனில், அந்தப் பல்லைக் குடும்பத்திடம் கொடுத்தார்கள். அப்பாவென்று திரும்பி வந்தது அந்த ஒரு பல்தான். அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லுங்கள், அது பனிப்போர் என்று!

வேறு என்ன சொல்வது என்கிறீர்களா? நம்மிடம் சொல்லா இல்லை? ஒருவன் தான் அனுபவிக்க ஊரான் பெயரில் நிலம் எழுதி வைத்தால், அந்தப் பெயருக்கு உரியவனை என்னவென்று சொல்கிறோம்? பினாமி. இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் ஊரான் நிலத்தில், ஊரான் பிள்ளையை வைத்து நடத்திய போர் அது. பினாமிப் போர் என்று சொல்லுங்கள். படிக்காத கிழவிக்கும் புரியும்.

மேடைக்குப் பக்கத்து மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அந்தக் கேள்வியைத் திரும்பப் பெற வேண்டும், நாளை மாலை வினாடி வினா தொடங்கும்போது மைக்கில் அறிவிக்க வேண்டும் என்று அமைப்பாளர்களுக்கு எழுதிய விண்ணப்பம். கையெழுத்துப் போடுகிறவர்கள் வரிசையில் வாருங்கள். அந்தப் பிள்ளையிடமிருந்து டிபன் பாக்ஸை யாரும் திரும்பக் கேட்கக் கூடாது, அதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன். கரண்டியையும் தாளுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். கையெழுத்துப் போடாதவர்களும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.