சம்பளமும் வேணும், சினிமாவும் வேணும்

நடுவர் அவர்களே! 'ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் ஆகாது. படம் எடுக்கிறவன் வேலையை விட்டுரணும்'னு எதிரணி நண்பர் முழங்கினாரு. துடியலூர்ப் பட்டறைல லேத் ஓட்டிகிட்டே குறும்படம் எடுக்கிற பையனோட அம்மாகிட்ட அதைச் சொல்லிப் பாருங்க! (கைதட்டல்)

சத்யஜித் ரே விளம்பரக் கம்பெனியில ஓவியர். 1952-ல, லீவு நாள் பார்த்து 'பதேர் பாஞ்சாலி' எடுத்தாரு. நாணல் பூக்காட்டுல பாதிக் காட்சிதான் முடிஞ்சுது. அடுத்த வாரம் போனா, பூவை மாடு மேய்ஞ்சிருச்சுங்க! மறுபடி பூக்க ஒரு வருசம். சம்பளம் வந்தும் மனைவி நகை அடகுக்குப் போச்சு, வேலையும் இல்லேன்னா?

நம்ம சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல படம் காட்டுற கருவியை வாங்கினப்ப ரயில்வே ஊழியருங்க. கோயம்புத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டினது 1914-ல. மணி அடிச்சாச்சு, உட்கார்றேன்!