கரையோரத்து இரண்டு கட்டங்கள்

கட்டுரை வாசிக்கும் மாணவர்கள் முன்வரிசையில் காத்திருக்கிறார்கள். அவர்கள் நேரத்தை நான் தின்னக்கூடாது.

2002இல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் மாமல்லபுரம் கடலில் மூழ்கித் தேடினார்கள். கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவு, 5 முதல் 8 மீட்டர் ஆழம். இடிந்த சுவர்களும் செதுக்கிய கற்களும் கிடந்தன. அவை எந்தக் காலத்தவை என்று தொல்லியலார் பேசட்டும். நமக்கு உள்ள கேள்வி வேறு: அங்கே முக்குளிப்பவருக்குத் தான் நீட்டிய கை தண்ணீரில் தெரியுமா?

வானத்திலிருந்து பார்த்துச் சொல்ல 2022 நவம்பர் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஓஷன்சாட்-3 செயற்கைக்கோள் போனது. கடலின் நிறத்தை 13 அலைவரிசைகளில் பிரித்துப் பார்க்கிறது. அதன் படத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 360 மீட்டர் அகலம். அப்படியென்றால் அந்தச் சுவர்கள் கிடக்கும் இடம் முழுவதும் கரையிலிருந்து இரண்டாவது கட்டத்துக்குள் அடங்கிவிடும். முதல் கட்டத்தில் பாதி மணலும் நுரையும்தான். ஆழ்கடலில் நீலமும் பச்சையும் சொல்வதை நம்பலாம். இங்கே வண்டலும் தரைமணலும் சேர்ந்து ஒளியைத் திருப்பி அனுப்புவதால், கலங்கலைப் பாசி என்று கணக்கு தவறாகப் படிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாலாற்று வெள்ளம் கடலைக் கலக்கும்போதோ மேகம் மூடிக்கொள்கிறது. பார்க்க வேண்டிய நேரத்தில் கண் தெரியாது.

சரி, இயந்திரங்கள்? ஆர்கோ மிதவை 1000 மீட்டர் ஆழத்தில் மிதந்து திரிந்து, பத்து நாளுக்கொரு முறை 2000 மீட்டர் வரை இறங்கி, அளந்துகொண்டே மேலே வரும். இவ்வகை மிதவைகளில் சில ஒளியையும் அளக்கின்றன. அருமையான கருவிதான், ஆனால் எட்டு மீட்டர் தண்ணீரில் அதற்கு வேலை இல்லை. கேபிள் கட்டிய சிறிய ரோபோவை நாங்களே ஒருமுறை இறக்கினோம். கால் மணி நேரத்தில் அதன் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. படகுக்காரர் அறுத்து எடுத்துக் கொடுத்து, "மெஷினுக்கு ஒண்ணும் ஆகலை சார், வலைதான் போச்சு" என்றார். வலைக்குப் பணம் கொடுத்தோம். எங்கள் திட்டச் செலவில் அதற்குத் தலைப்பே இல்லை.

ஆஞ்செலோ செக்கி என்ற பாதிரியார் 1865இல் போப்பின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் தண்ணீரின் தெளிவை அறிய வெள்ளைத் தட்டு இறக்கிப் பார்த்தார். அதையே நானும் செய்கிறேன். 30 சென்டிமீட்டர் தட்டு, அடியில் ஈயக்கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. படகின் நிழல் விழும் பக்கமாக இறக்க வேண்டும். தட்டு மறையும்போது ஒரு முடிச்சு, மேலே இழுக்கையில் மீண்டும் தெரியும்போது ஒரு முடிச்சு, இரண்டின் சராசரி. எனக்கு மறைந்த தட்டு அந்தப் படகுக்காரருக்கு இன்னும் ஒரு முடிச்சு வரை தெரிந்தது. தெளிந்த தண்ணீரில் மீன் வலையைப் பார்த்து விலகிவிடும். தண்ணீரின் தெளிவைக் கணிப்பது அவருக்குப் பிழைப்பு.

இன்றைய கட்டுரைகளில் பெரும்பாலானவை செயற்கைக்கோள் படங்களைப் பற்றியவை. வாசிப்பவர்களிடம் நான் ஒன்றே கேட்பேன்: அந்தப் படம் எடுத்த நாளில் தண்ணீரில் யார் இருந்தார்கள்?

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை வாரம் ஒரு நாள், செயற்கைக்கோள் கடக்கும் நண்பகலை ஒட்டி, ஒரு தட்டு இறங்கினால் போதும். வாசலில் மேசைமேல் தட்டும் கயிறும் வைத்திருக்கிறேன். கல்லூரிக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். படகுக்காரர் கூலியை முதலிலேயே திட்டச் செலவில் எழுதிவிடுங்கள்.