பூச்சி பூரான்

பொழுதுபட்டுவிட்டால் எங்கள் வீட்டில் பாம்புக்குப் பாம்பு என்ற பெயர் கிடையாது. 'பூச்சி' என்றுதான் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாக எண்ணி வந்துவிடுமாம். "பூச்சி பூரான் கிடக்கும், லாம்பைக் கொண்டு போ." இந்த ஒரு வசனத்தை எங்கள் ஆச்சி எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. நேயர்களிலும் பலர் இதைக் கேட்டே வளர்ந்திருப்பீர்கள்.

எங்களுடையது வலிகாமத்தில் ஒரு செம்மண் ஊர். ஆறு பரப்பு வளவு, நாற்புறமும் கிடுகு வேலி. கோடிப்பக்கம் மாட்டுக்கொட்டில், அதன் பின்னால் விறகும் ஊமலும் குவித்திருக்கும். கிணற்றடியில் வாழைகள். மனிதருக்கு வசதியான இடமெல்லாம் அவைக்கும் வசதிதான். விறகுக்குள் தேள், ஈரக் கல்லுக்குக் கீழே மட்டத்தேள். நெல்மூட்டையைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். சாரையைக் கண்டு நாங்கள் தடி எடுத்தால் அப்பா விடமாட்டார். "அது எலி பிடிக்கிற சீவன், போகவிடு" என்பார்.

இவற்றையெல்லாம் ஒன்றாகப் பார்க்கக் கிடைத்த நாள் வேலியடைப்பு நாள். ஒரு வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்று உக்கிய பழைய ஓலையைப் பிரித்து இழுக்கும்போது உள்ளே குடியிருந்தவை எல்லாம் வெளியே வரும். முதலில் அரணை ஓடும். பிறகு கரப்பான், சிலந்தி, வாலை வளைத்துக்கொண்டு தேள். ஒரு சாண் நீளத்தில் மட்டத்தேள் ஒன்று நெளிந்து வந்தால் பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு திண்ணைக்கு ஏறுவார்கள். கோழிகளுக்கு அன்று கொண்டாட்டம். பிரித்த ஓலை தோட்டத்துக்குப் பசளையாகப் போகும். மாலையில் புது வேலி மஞ்சளாக நிற்கும். வீடிழந்தவை இரவோடிரவாகத் திரும்பி வந்துவிடும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பாவம், கொம்பேறி மூக்கனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடித்துவிட்டு மரத்திலேறி, செத்தவனின் சுடலைப் புகையைப் பார்த்த பிறகுதான் அது இறங்கும் என்று சொல்லி எங்களைப் பயங்காட்டினார்கள். ஓணானும் தவளையும் பிடித்துத் தின்று திரிகிற, மனிதனுக்குத் தீங்கில்லாத பாம்பு அது. இத்தனை பெரிய அவதூறை வேறெந்தச் சீவனும் சுமந்ததாகத் தெரியவில்லை.

நாகம் வந்தால் ஆச்சியின் முறை வேறு. கையைத் தட்டுவார். "நல்லவனே, பிள்ளை குட்டி திரியிற இடம், போய்விடப்பா" என்று ஓர் உறவினருக்குச் சொல்வதுபோலச் சொல்வார். வெள்ளிக்கிழமைகளில் புற்றடியில் பாலும் முட்டையும் வைப்பார். புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேர்த்தியும் இருந்தது. பாம்பு பால் குடிக்கிற பிராணி அல்ல என்று பின்னாளில் படித்தேன். அந்தப் பால் போன வழி எங்கள் வீட்டுப் பூனைக்குத்தான் தெரியும்.

1972ஆம் ஆண்டு ஆடி மாதம். எனக்கு ஒன்பது வயது. சோளகம் அடித்து ஓய்ந்த ஒரு புழுக்க இரவு. குஞ்சியப்பா, அப்பாவின் தம்பி, வழக்கம்போலத் திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். சாமத்தில் எழும்பி வயிற்றுக்குள் வலிக்குது என்றார். இரவு தின்ற பனங்காய்ப் பணியாரம் என்று நினைத்து ஆச்சி ஓமம் அவித்துக் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடியும் படுத்தார். விடியப்புறம் பார்த்தால் அவரால் கண் திறக்க முடியவில்லை. நித்திரைக் கலக்கம் என்றோம். வாய் குழறியபோதுதான் ஆச்சி திடுக்கிட்டு, "பூச்சி ஏதும் தீண்டிப்போட்டுதோ" என்றார். கைகாலெல்லாம் பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை.

பக்கத்து ஊரில் விஷகடிப் பரியாரியார் ஒருவர் இருந்தார். அயல்வீட்டு அண்ணை சைக்கிளில் போனார். பாரில் நான். சேதி சொல்ல வருகிறவனின் நிற்கும் நிலையையும் அவன் கை எதைத் தொடுகிறது என்பதையும் வைத்துக் கடிபட்டவனின் நிலையைக் கணிப்பது அந்த வைத்தியத்தில் ஒரு முறை. பரியாரியார் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தன் சைக்கிளை எடுத்து எங்களுக்கு முன்னே மிதித்து வந்தார். வந்து இமையைத் தூக்கிப் பார்த்த உடனே, "என்னாலே ஏலாது. காரைப் பிடியுங்கோ" என்றார். மந்திரம் சொல்லி நேரத்தை வீணாக்காத மனிதர். கார் வருவதற்கு முக்கால் மணித்தியாலம் சென்றது. ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் குஞ்சியப்பாவின் மூச்சு நின்றுவிட்டது. அவருக்கு இருபத்தாறு வயது.

மூன்றாம் நாள் சுருட்டி வைத்த பாயை விரித்தபோது அது விழுந்தது. கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். எட்டடி விரியன். அப்பா அடித்தார். அது செத்துப்போய் நெடுநேரமான பின்னும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

கடிபட்டவன் எட்டடி வைப்பதற்குள் விழுவான் என்று அதன் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். உண்மை அதைவிடக் கொடியது. இரவில், நிலத்தில் படுத்திருப்பவரைத்தான் அது பெரும்பாலும் தீண்டுகிறது. வலியோ வீக்கமோ தெரியாமலே போகலாம். வயிற்றுவலி வரும், பிறகு இமை சரியும், கடைசியில் மூச்சுவிடும் தசைகள் சோர்ந்துபோகும். இந்தியாவில் செய்து இங்கு வரும் விஷமுறிவு மருந்து நாகம், எட்டடி விரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிப்பது. எட்டடி விரியனின் விஷத்துக்கு மருந்து மட்டும் போதாமல், மூச்சுக்கு இயந்திரமும் தேவைப்படலாம். சில நாட்கள் மூச்சைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டால் அநேகமானோர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்கள். இதை நான் வாசித்தது மிகப் பிந்தி. வாசித்ததை அப்பாவுக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகு அப்பா எதையும் விடவில்லை. சாரை, பச்சைப்பாம்பு, அரணை எதுவானாலும் அடி. எலி பெருகி நெல்மூட்டைகள் ஓட்டையானபோதும் ஆச்சி ஒரு சொல் சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லாரையும் கட்டிலிலும் வாங்கிலும் ஏற்றிப் படுக்க வைத்தார். தான் மட்டும் குஞ்சியப்பா படுத்த அதே இடத்தில், வெறும் நிலத்தில், தலைமாட்டில் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைத்துக்கொண்டு படுத்தார். யார் சொல்லியும் கேட்கவில்லை.

யுத்தம் வந்ததும் வளவுக்குள் பதுங்குகுழி வெட்டினோம். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட குளிர்ந்த இருட்டுக் குழி. பாம்புக்கு இதைவிடத் தோதான வீடு எது? 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் அருமை. ஜாம் போத்தல் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றிய காலம். விமானச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடுவோம். அங்கே ஒரு கணம் தயங்குவோம். மேலே நிற்பது ஒன்று, உள்ளே கிடப்பது என்னவோ? அப்பா ஒரு நாளும் உள்ளே இறங்கவில்லை. மாமரத்தடியில் நிற்பார். ஆச்சி முதலாவதாக இறங்கி, இருட்டுக்குள் கையைத் தட்டுவார்.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்தோடு நாங்களும் வெளிக்கிட்டோம். தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் அந்த மார்கழி மழைக்குள் ஆச்சி போய்விட்டார். அடுத்த வருஷம் மே மாதம் திரும்பி வந்தோம். வேலி இல்லை. முற்றத்தில் நாயுருவியும் காஞ்சோன்றியும் இடுப்பளவு. கதவுகள் இல்லை, கட்டில் வாங்கு ஒன்றும் இல்லை. சாமியறைச் சுவரோரம் முழு நீளத்தில் பாம்புச் சட்டை. அதற்கு அப்பால், உடைந்த பெட்டகத்தின் நிழலில், நாகம். தலையைத் தூக்கிப் படம் விரித்தது.

எங்கள் கண்ணெல்லாம் அப்பாவின் கையில் இருந்த தடியில். அவர் அப்படியே நின்றார். பிறகு தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தட்டினார். "நாங்கள் வந்திட்டம். பிள்ளை குட்டி இருக்கு" என்றார். குரல் சரியாக எழும்பவில்லை. அது மெல்லப் படத்தைச் சுருக்கி, பின்கதவு இருந்த வெளியால் இறங்கிப் போயிற்று.

அன்றிரவு எல்லாரும் நிலத்தில்தான் படுக்க வேண்டியிருந்தது. வேறு வழியில்லை. பிள்ளைகளை நடுவில் விட்டு வரிசையாகப் பாய் விரித்தோம். இடையில் எனக்கு விழிப்பு வந்தபோது அப்பா படுக்காமல் குந்தியிருந்தார். ஆச்சியின் அரிக்கன் லாம்பு கையில். திரியைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாயாக ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.