வால் முளைத்த முகவரிகள்



நம் தோட்டங்களுக்கு இரண்டு பெயர் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. நம்மவர் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர் மற்றொன்று. கடிதத்தில் எதை எழுதினாலும் தபால்காரருக்குப் புரிந்துவிடும். ஆனால் செக்ரோலில் ஒரே ஆளின் பெயரை இரண்டு விதமாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? பாதி நாள் பேர் ஒரு வரியிலும் மீதி நாள் பேர் வேறு வரியிலும் விழும். சம்பள நாளில் கிராணியார் முன் நின்று வாதாட வேண்டியதுதான். இணையத்திலும் இதே சங்கடம் உண்டு. இன்று அதைப் பற்றியே பேசவிருக்கிறோம்.

நம்மிடம் படித்த ஒரு பெண்ணின் தாயார் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கிறார். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், முழங்கால் வலியால் அதை விட்டபின் குடும்பத்திற்கு இதுவே வருமானம். மகள் அவருக்கு ஓர் அகப்பக்கம் எழுதிக் கொடுத்தாள். தீபாவளிக்கு முன் நோட்டீஸ் அச்சடித்து, அதில் கியூஆர் குறியீடும் போட்டார்கள். நோட்டீஸைப் பார்த்து எத்தனை பேர் வருகிறார்கள், புலனத்தைப் பார்த்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காக நோட்டீஸில் போட்ட முகவரியின் முடிவில் ஒரு கேள்விக்குறியும், அதன்பின் 'யுடிஎம் சோர்ஸ்' என்று தொடங்கி 'நோட்டீஸ்' என்று முடியும் ஒரு வாலும் சேர்த்தார்கள். அந்த யோசனையைச் சொல்லிக் கொடுத்தது நாம்தான்.

வாலில் தவறில்லை. அது வந்தவர் எந்த வழியாக வந்தார் என்று குறித்துக்கொள்ளும் ஓர் அடையாளம். அர்ச்சின் என்ற நிறுவனத்தின் கணக்கெடுக்கும் கருவியிலிருந்து வந்தது யுடிஎம் என்ற பெயர். 2005-இல் கூகள் அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகும் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. முகநூலோ 2018 முதல் நாம் கேளாமலே தன் பங்கிற்கு ஒரு வாலை ஒட்டி அனுப்புகிறது. எந்த வால் இருந்தாலும் திறக்கும் பக்கம் ஒன்றுதான். (வாலில் ஒருவருடைய பெயரையோ தொலைபேசி எண்ணையோ மட்டும் எழுதிவிடாதீர்கள், அது யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது.)

நமக்கு ஒன்றாகத் தெரிவது தேடு இயந்திரத்திற்கு முதலில் ஒன்றாகத் தெரிவதில்லை. எழுத்து வேறுபட்டால் அதற்கு முகவரியும் வேறு. எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, உள்ளே இருப்பது ஒன்றே என்று கண்டபின், ஒரு முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனுள் அடக்கிவிடும். பெரும்பாலும் சரியானதையே எடுக்கும். இதற்காகக் கூகள் தண்டிக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் இவர்கள் விஷயத்தில் அது வால் உள்ள முகவரியை எடுத்துவிட்டது. அதற்கும் காரணம் இருந்தது. மகள் அவசரத்தில் நோட்டீஸ் முகவரியையே நகல் எடுத்து, தன் அகப்பக்கத்தின் உள் இணைப்புகளிலும் ஒட்டியிருந்தாள். வீட்டுக்காரரே பலகையில் எழுதி வைத்த பெயரை வந்தவன் நம்பாமல் என்ன செய்வான்?

இதனால் கடையின் பெயரைக் கூகளில் தேடி வந்தவரெல்லாம் 'நோட்டீஸைப் பார்த்து வந்தவர்' என்ற கணக்கில் விழுந்தார்கள். தாயார் அந்தக் கணக்கைப் பார்த்தார். "நோட்டீஸுக்குத்தான் ஆள் வருது" என்று சொல்லி, பண்டிகைக்குத் துணி எடுக்க வைத்திருந்த பணத்தில் இன்னும் இரண்டாயிரம் நோட்டீஸ் அச்சடித்துவிட்டார். பிறகு வாங்கியவர்களிடம் வாய்விட்டுக் கேட்டபோதுதான், நோட்டீஸைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலரே என்று தெரிந்தது.

இதைச் சரிசெய்யப் போய் நாம் முதலில் பிழைதான் செய்தோம். 'ரோபோட்ஸ்' என்ற கோப்பில் வால் உள்ள முகவரிகளுக்குத் தடை போடச் சொன்னோம். வாசலிலேயே தடுக்கப்பட்ட இயந்திரம் உள்ளே எழுதியிருப்பதை எப்படிப் படிக்கும்? முகவரி மட்டும் வெறுமையாகப் பட்டியலில் நின்றது. அடுத்து மகள், 'பட்டியலில் சேர்க்காதே' என்று பொருள்படும் 'நோஇன்டெக்ஸ்' வரியை எழுத நினைத்தாள். நல்ல வேளை, நிறுத்திக்கொண்டாள். எல்லா வாலுக்கும் திறப்பது ஒரே பக்கம் அல்லவா? அந்த வரி உண்மையான முகவரியிலும் இருக்கும். தீபாவளி நேரத்தில் கடையே கூகளில் இல்லாமல் போயிருக்கும். வாலை வெட்டி வேறு முகவரிக்குத் திருப்பிவிடவும் வழியுண்டு. ஆனால் கணக்கெடுக்கும் முன்பே வால் போய்விட்டால், வால் வைத்ததன் பயனே போய்விடும்.

சரியான மருந்து ஒரே ஒரு வரி. 2009 பிப்ரவரியில் கூகள், யாஹூ, மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்த 'கெனோனிக்கல்' வரி அது. பக்கத்தின் தலைப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், 'இப்பக்கத்தின் சரியான முகவரி இதுவே' என்று வாலில்லாத முழு முகவரியையும் அதில் எழுத வேண்டும். வோர்ட்பிரஸ் போன்றவற்றில் அமைத்த பக்கங்களுக்கு அது தானாகவே எழுதப்பட்டுவிடும். கையால் எழுதிய பக்கத்தில் நாமே எழுத வேண்டும். இது கட்டளையன்று, வேண்டுகோள்தான். ஆகவே உள் இணைப்புகளும், கூகளுக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியலும் வாலில்லாத முகவரியையே காட்ட வேண்டும். வால் வெளியே கொடுக்கும் நோட்டீஸுக்கும் புலனத்திற்கும் மட்டுமே. பழைய வழிகாட்டிகளில் கூகளிடமே வால்களைப் பதிந்து வைக்கும் கருவி ஒன்றைச் சொல்லியிருப்பார்கள். அது 2022-இல் மூடப்பட்டுவிட்டது, தேட வேண்டாம்.

மகள் தடையை நீக்கினாள், அந்த வரியை எழுதினாள், உள் இணைப்புகளைத் திருத்தினாள். கூகளின் சர்ச் கன்சோலில் முகவரியை இட்டுப் பார்த்தால், நாம் சொன்ன முகவரி எது, கூகள் எடுத்துக்கொண்ட முகவரி எது என்று இரண்டையும் காட்டும். சில வாரம் இரண்டும் வேறாகவே இருந்தன. பின்னர் ஒரு நாள் காலையில் ஒன்றாகிவிட்டன.

மிஞ்சிய நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் தாயார் இப்போது மாவுக் கணக்கு எழுதுகிறார்.