எழுத்தில் இடறும் பிள்ளைகள்

(மும்பையில் ஆண்டு விழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிகுந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நாம் பரிசளித்து மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சி குறைய வேண்டுவதில்லை. ஆயினும் அப்பட்டியலில் என்றும் இடம்பெறாத சில பிள்ளைகளைப் பற்றி இன்று சிறிது எண்ணிப் பார்ப்போமாக.

அவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். கேட்ட கதையைச் சுவை குன்றாமல் திருப்பிச் சொல்வர். ஓடாத மின்விசிறியைப் பிரித்துச் சீர் செய்வர். புத்தகத்தைக் கொடுத்தாலோ வரிக்கு வரி தடுமாறுவர். இவர்களுக்கு வீட்டில் சோம்பேறி என்று பெயர். பள்ளியில் மக்கு என்று பெயர். இரண்டும் பொய்ப் பெயர்கள்.

இந்நிலை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 'டிஸ்லெக்சியா' என்னும் சொல்லை ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1887-இல் வழங்கினார். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், படிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் அவனே பள்ளியிற் சிறந்த மாணவனாவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. எழுதுவதில் வரும் இடர்ப்பாட்டை டிஸ்கிராஃபியா என்றும், எண்களில் வருவதை டிஸ்கால்குலியா என்றும் இன்று வழங்குகின்றனர்.

பேச்சு, கேட்டுக் கேட்டுத் தானே வருவது. எழுத்தோ மனிதன் செய்துகொண்ட கருவி. ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் வேலை பெரும்பாலோர்க்கு விரைவிற் பழகிவிடுகின்றது. இப்பிள்ளைகளுக்கு அது ஒவ்வொரு சொல்லிலும் புதிய உழைப்பாகின்றது. மும்பையில் வாழும் நம் பிள்ளைக்கு இவ்வுழைப்பு பன்மடங்கு. எழுத்தொன்று ஒலியொன்றாகிய ஆங்கிலம், கூட்டெழுத்துகள் நிறைந்த தேவநாகரியில் இந்தியும் மராத்தியும், வீட்டிலே தமிழ். அதனால் தமிழை விட்டுவிடலாமா என்று சில பெற்றோர் வினவுகின்றனர். வேண்டா! வீட்டுமொழி பேசுவதால் இக்குறை உண்டாவதில்லை. எழுத்துச் சுமையைக் குறைக்கலாம். தாய்மொழிப் பேச்சைக் குறைத்தல் ஆகாது.

கீழ் வகுப்புகளில் நினைவாற்றலால் சமாளித்த பிள்ளை உயர்நிலைப் பள்ளியிலேதான் வெளிப்படையாக இடறுகிறான். அங்கே பாடங்கள் பெருகுகின்றன. கரும்பலகையைப் பார்த்து விரைந்து எழுதவேண்டும். பக்கம் பக்கமாக விடை தரவேண்டும். அவ்வேளையில் டியூஷனை இரட்டிப்பதும் பிரம்பை எடுப்பதும் பயன் தாரா. பாடக் குறிப்பை முன்னரே கொடுத்தல், வகுப்பார் முன்னிலையில் உரக்கப் படிக்கச் சொல்லி நாணச் செய்யாமை, பாடத்தை ஒலிப்பதிவாகக் கேட்கச் செய்தல், வரலாற்று விடையில் எழுத்துப் பிழைக்காக மதிப்பெண் குறைக்காமை ஆகியவையே பயன் தருவன.

சட்டமும் இன்று துணை நிற்கின்றது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இக்குறைபாட்டுக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் இதனையும் சேர்த்தது. இதனைக் காலத்தே கண்டறிந்து ஆவன செய்தல் பள்ளியின் கடமை என்றும் வகுத்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத் தேர்வில் இத்தகையோர் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெறலாம். சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் மொழியினின்று விலக்குப் பெறலாம். மகாராஷ்டிர அரசும் 1996-ஆம் ஆண்டு முதற்கொண்டே பள்ளியிறுதித் தேர்வில் சலுகை அளித்து வருகின்றது. நமக்கு அண்மையிலுள்ள சயான் மருத்துவமனையில் இதற்கெனப் பிரிவே உண்டு.

இவ்வளவும் இருந்தும் நம் பிள்ளைகளிற் பலரை இவை எட்டாமைக்குக் காரணம் யாது? நமது மௌனமே. "ஊரார் என்ன சொல்வர்? சான்றிதழ் வாங்கினால் பெண்ணின் திருமணத்துக்குத் தடையாகாதா?" என்று அஞ்சுகின்றோம். பத்தாம் வகுப்பின் இறுதியில் ஓடித் தேடினால், சோதனைகளுக்கும் சான்றிதழுக்கும் காலம் போதாது. எட்டாம் வகுப்பிலேயே ஐயத்தை ஆசிரியரிடம் கூறுதல் வேண்டும். சான்றிதழ் என்பது பிள்ளைக்கு இடும் முத்திரை அன்று. மூடிய கதவுக்கு ஒரு திறவுகோல்.

சென்னையிலும் மும்பையிலும் இப்பிள்ளைகளுக்கென அமைப்புகள் தோன்றியது 1990-களில். அவற்றின் பின்னே நின்றவர்கள் பெற்றோரே. கூடிச் சங்கம் கண்ட நமக்கு இது அரிய செயலன்று. நம் இளைஞர்கள் பாடங்களைப் படித்து ஒலிப்பதிவு செய்து தரலாம். தேர்வு விதிகளுக்கு உட்பட்டுச் சொல்வதை எழுத முன்வரலாம். நம் தமிழ் வகுப்பில், எழுத வாராத பிள்ளை கேட்டும் பேசியும் தமிழ் கற்க ஓர் இருக்கை ஒதுக்கலாம்.

ஐந்து விரலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆயினும் ஐந்தும் சேர்ந்தாலன்றிக் கை எதையும் பற்றாது. வரும் ஆண்டு விழாவிலே, இடறியும் எழுந்து நடந்த ஒரு பிள்ளையேனும் இம்மேடையில் பரிசு பெறுமாறு செய்வோம் என இன்று உறுதி கொள்வோமாக.