குடல் அறுவைக்குப் பின்



காட்டுமன்னார்கோயிலில் நான் தலைமை ஆசிரியனாக இருந்த நாளில், வகுப்பில் எவனேனும் காற்றுப் பிரித்துவிட, மற்றவர் சிரித்தால், பிரம்பால் மேசையைத் தட்டுவேன். அவ்வொலிக்காகவே நான் பின்னாளில் தவங்கிடப்பேன் என்று அன்று அறியேன்.

மலத்தில் குருதி கண்டும், மூலம் என்றெண்ணி, வெட்கத்தால் ஆறு திங்கள் எவரிடமும் சொல்லாதிருந்தேன். பெருங்குடற் புற்றுநோய் என்று தெரிந்தபின், சிதம்பரத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நோயுற்ற பகுதியை நீக்கி, இரு முனைகளையும் இணைத்தனர். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை 1923-இல் மலக்குடற் புற்றுநோயால் இளமையிலேயே மறைந்தார். அத்துயரில் பிறந்த எண்ணமே 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. அவ்வம்மையார் காலத்தினும் இன்று மருத்துவம் எவ்வளவோ வளர்ந்துள்ளது. என் வெட்கந்தான் வளராதிருந்தது.

அறுவைக்குப் பின் குடல் சில நாள் உறங்கிக் கிடக்கும். காற்றுப் பிரிதல் அது விழித்தெழுவதற்கு ஓர் அடையாளம். காலைதோறும் மருத்துவர் அதனையே கேட்பார். நான் தலை கவிழ்வேன். குடல் விழிக்கும்வரை நோயாளியைப் பட்டினியாகப் படுக்கவைப்பது பழைய வழக்கம். 1990-களில் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஹென்ரிக் கேலட் போன்றோர் அதனை மாற்றினர். விரைவில் உணவு, விரைவில் நடை என்பது அவர்கள் முறை. நடந்தால் கால் நாளங்களில் குருதி உறைவதும், நுரையீரலில் சளி தேங்குவதும் குறையும். வீராணம் ஏரிக்கரையில் நாள்தோறும் உலாவிய எனக்கு, தாழ்வாரத்தில் இருபது அடி பெருந்தொலைவாயிற்று!

ஐந்தாம் நாள் வயிற்றில் புதிய வலி கண்டது. தையல் வலிதானே என்று வாயடக்கினேன். நாடி விரைந்தோடுவதையும் காய்ச்சலையும் செவிலியரே கண்டுபிடித்தார். உள்ளே இணைப்புக் கசிந்திருந்தது. இது எல்லார்க்கும் நேர்வதன்று. நேர்ந்தாலோ, குடலின் அழுக்கு வயிற்றறையில் பரவி உயிரையே குடிக்கக்கூடும். அன்றிரவே மீண்டும் அறுவை. இணைப்பு ஆறும்வரை கழிவு அவ்வழி செல்லாதபடி, சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றின்மேல் திறந்து பை பொருத்தினர். அவ்வழியே நீரும் உப்பும் மிகுதியாக வெளியேறுமாதலால், உப்புச் சர்க்கரைக் கரைசலை அடிக்கடி பருகவேண்டியிருந்தது. நான்கு திங்கள் கழித்துத்தான் அத்திறப்பை மூடினர்.

பையோடு வீடு திரும்பிய மறுநாள், என்னைக் காணப் பழைய மாணவர் நால்வர் வந்து திண்ணையில் அமர்ந்திருந்தனர். உள்ளிருந்து என் பெயர்த்தி, “தாத்தா, பை நிறைந்துவிட்டதா?” என்று உரக்கக் கேட்டாள்.

“நிறைந்துவிட்டது, அம்மா” என்று நானும் உரக்கவே சொன்னேன்.