அடைக்கலம் என்னும் சொல்



வாழ்க்கை தாங்கவொண்ணாத சுமையாகத் தோன்றும்போது இறைவனை நம்புதல் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளார்கள். இது சமயச் சொற்பொழிவாளர்க்கு உரிய பொருள் அன்றோ, மொழி மன்றத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணித் தயங்கினோம். பிறகு ஒரு பழைய கட்டுரை ஏடு நினைவுக்கு வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரை அது. தந்தை நோயுற்று வேலையிழந்த வீடு. தாய் இரண்டு இடங்களில் வேலை பார்த்தார். தம்பி தங்கையரைக் கவனிக்கும் பொறுப்பு அவள்மேல் விழுந்தது, தேர்வும் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கடவுளை நம்பு என்று சொல்லிப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாள். அதற்கு அடுத்த வரியில், ஏன் இப்படி என்று கடவுளை கேட்கக் கூடாதாம் என்று எழுதியிருந்தாள். அவ்வரியில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. சிவப்பு மையால் ஒரு ககர ஒற்றை இட்டு, 'கடவுளைக் கேட்கக் கூடாதாம்' என்று திருத்தி, மதிப்பெண் வழங்கி ஏட்டைத் திருப்பித் தந்தோம். வேறொன்றும் செய்யவில்லை. இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும் என்பது சரிதான். எனினும் அவள் கேட்டது வேறு. கடவுளை நம்புகிறவர் கடவுளைக் கேள்வி கேட்கலாமா? இன்றைய உரை, காலந்தாழ்ந்து அவளுக்குச் சொல்லும் விடை என்றே கொள்ளுங்கள்.

நம்பிக்கை என்னும் சொல்லிலிருந்தே தொடங்குவோம். இன்று நம்புதல் என்றால் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளுதல் என்று பொருள் கொள்கிறோம். ஆகவே, ஐயம் ஒன்று தலைகாட்டினாலும் நம்பிக்கை போய்விட்டதே என்று அஞ்சுகிறோம். தொல்காப்பிய உரியியலோ நம்பு என்னும் சொல்லுக்கு நசை என்று பொருள் கூறுகிறது. நசையாவது விருப்பம். ஒருவரை நம்புதல் என்பது பழந்தமிழில் அவரை விரும்புதல், அவரை நாடி நெஞ்சு செல்லுதல். விருப்பத்தில் ஊடலுக்கு இடமுண்டு என்பதை அகத்திணை படித்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, நாம் விரிவாகப் பேச விரும்பும் சொல்லுக்கு வருவோம். அது அடைக்கலம். சிலப்பதிகார மதுரைக் காண்டத்தில் ஒரு காதைக்கு அதுவே பெயர். மதுரைக்குப் புறத்தே, அறவோர் உறையும் மூதூரில், கவுந்தியடிகள் கண்ணகியோடு தங்கியிருக்கிறார். கோவலனுக்கு ஊர் புதிது, கையில் பொருளில்லை, மனைவியோ நடந்தறியாதவள். அப்போது இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும் ஆயர் முதுமகள் மாதரியை அடிகள் காண்கிறார். ஆக்களைக் காத்து அவற்றின் பயனை ஊருக்கு அளிக்கும் ஆயர் வாழ்வில் கொடுமை இல்லை, மாதரியும் முதியவள், இரக்கமுடையவள் என்று தம்முள் எண்ணிப் பார்த்து, கண்ணகியை அவளிடம் ஒப்படைக்கிறார். பெருஞ்செல்வர் மகளை மோர் விற்கும் மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார் என்பதை மாணவர்கள் கருத வேண்டும். காவலுக்குப் படையும் மதிலும் உடையவரை அடிகள் தேடவில்லை.

பின்னர் நிகழ்ந்தது நாம் அறிந்ததே. கோவலன் கொலையுண்டான், கண்ணகி மாதரியின் மனையைவிட்டு நீங்கினாள். மாதரி என்ன ஆனாள் என்பதை வகுப்பறையில் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் அதனைச் சொல்கிறான். தன்னிடம் ஒப்படைத்த அடைக்கலத்தை இழந்தேன் என்று அவள் எரிபுகுந்தாள். கவுந்தியடிகளும் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டார். அம்முடிவுகள் காப்பிய உலகத்துக்கு உரியவை. அவற்றை வாழ்வுக்குரிய எடுத்துக்காட்டாக மாணவர் முன் வைக்கலாகாது என்பதை அழுத்திச் சொல்லிவிடுகிறோம். நமக்கு வேண்டியது அந்நிகழ்ச்சி காட்டும் சொற்பொருள். அடைக்கலம் தொலைந்தால் விடை சொல்ல வேண்டியவர் ஏற்றுக்கொண்டவரே. புகுந்தவர் இன்னும் உறுதியாக இருந்திருக்க வேண்டும் என்று அங்கே எவரும் கண்ணகியைக் குறை சொல்லவில்லை.

இச்சொல்லின் வழக்கிலும் ஓர் அருமை உண்டு. காக்கும் இடத்தையும் அடைக்கலம் என்கிறோம்; காக்கப்படும் பொருளையும் அடைக்கலம் என்கிறோம். 'நீயே அடைக்கலம்' என்றும் சொல்லலாம். 'நான் உன் அடைக்கலம்' என்றும் சொல்லலாம். பின்னதைச் சொல்கிறவர் தம் நெஞ்சுறுதியைப் பற்றி எதுவும் கூறவில்லை. உன் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள் நான், பொறுப்பு உன்னுடையது என்கிறார். மனிதர் வீட்டு இறவாணத்தில் கூடு கட்டும் சிறு குருவிக்கு அடைக்கலக்குருவி என்று பெயரிட்டவர்களும் இந்தப் பொறுப்பை உணர்ந்தவர்களாகவே இருக்க வேண்டும். அடைக்கலம், அடைக்கப்பன், அடைக்கம்மை என்று மக்களுக்குப் பெயரிட்டு அழைக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு.

மாணிக்கவாசகர் இச்சொல்லை எடுத்துக்கொண்டது இந்தப் பொருளில்தான். திருவாசகத்துள் அடைக்கலப்பத்து என்றே ஒரு பகுதி அமைந்துள்ளது. நான் உன் அடைக்கலம் என்பதே அதன் பாடல்களில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பொருள். அங்கே அவர் தம் நிலைக்குச் சொல்லும் உவமைகளுள் ஒன்று, வலிய மத்தால் கடையப்பட்டுத் தாழிக்குள் உடைந்து தளரும் தயிர். கடையும்போது தயிர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தாழியைவிட்டு வெளியேறவும் இயலாது. மாதரியின் வீட்டில் நாள்தோறும் நடந்த வேலைதான் அது. வாழ்க்கை ஒருவரைப் போட்டுக் கலக்குவதற்கு இதைவிட அணுக்கமான உவமை நமக்குத் தெரியவில்லை.

ஐம்பது பாடல்களால் ஆன நீத்தல் விண்ணப்பத்தில் அவர் இன்னும் பச்சையாகப் பேசுகிறார். இருபுறமும் எரியும் கொள்ளியின் உள்ளே அகப்பட்ட எறும்பு. எறும்புக் கூட்டத்தின் நடுவே அரிக்கப்படும் மண்புழு. வெள்ளம் வேரை அறுக்கும் ஆற்றங்கரை மரம். தம்மைக் குறித்து அவர் கூறுவன இவை. அவர் சொல்லும் துன்பம் புலன்களாலும் பிறவியாலும் வருவது. மருத்துவமனைக் கட்டணத்தாலும் தேர்வாலும் வருவதன்று. அவ்வேறுபாட்டை மறைக்கலாகாது. ஆயினும், கொள்ளியினுள் அகப்பட்ட எறும்புக்கு எந்தப் பக்கமும் வழியில்லை என்னும் உணர்வு எல்லார்க்கும் பொது. பாட்டுக்குப் பாட்டு, என்னைக் கைவிட்டுவிடுவாயோ என்று கேட்டுக்கொண்டே போகிறவர், பகுதியின் இறுதியை நெருங்கும்போது இறைவனை அச்சுறுத்தவே தொடங்கிவிடுகிறார். என்னை நீ கைவிட்டால் ஊரார் உன்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்வேன். யானைத்தோல் போர்த்த பித்தன், நஞ்சுண்ட பித்தன், சுடுகாட்டில் ஆடும் பித்தன் என்றெல்லாம் உன்னை ஏசுவேன் என்கிறார். ஏசுவதற்கென்று அவர் அடுக்கும் பித்துகளின் வரிசையில், என்னையும் ஆட்கொண்டாயே என்பதும் ஒன்று! சினத்தின் உச்சியில் உறவு வெளிப்படும் இடம் அது.

இது நம்பிக்கையின்மையா? அப்படியானால் திருவாசகத்தில் இப்பகுதி இடம்பெற்றிருக்க முடியாது. கோயில்களிலும் இல்லங்களிலும் முற்றோதலில் இதனை ஓதியும் வரமாட்டார்கள். பொறுப்பை ஏற்றவரிடம்தான் முறையிட முடியும். முன்பின் அறியாதவரிடம் எவரும் உரிமையோடு சினப்பதில்லை. ஒப்படைத்த பிறகு வாய்மூடியிருக்க வேண்டும் என்னும் கருத்து நம் பக்தி இலக்கியத்தில் எங்கிருந்து வந்து புகுந்தது என்று நாம் வியப்பதுண்டு. அது பாடல்களிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. துன்புறுவோரின் புலம்பலைக் கேட்கப் பொறாத சுற்றத்தாரிடமிருந்து வந்திருக்கலாம்.

முறையிடவும் வலிமையற்றுப் போன நிலை ஒன்று உண்டு. அதற்குப் பெரியபுராணம் திலகவதியாரைக் காட்டுகிறது. தந்தை நோயால் இறந்தார். தாயும் அவரைத் தொடர்ந்தார். மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். தாமும் உயிர்விடத் துணிந்த அந்த இளம்பெண்ணின் காலில் விழுந்து தம்பி மருள்நீக்கியார் அழுகிறார். தாய் தந்தையர் போனபின் உம்மை வணங்கலாம் என்றே உயிர் வைத்திருக்கிறேன். நீரும் போவதானால் உமக்கு முன் நான் போவேன் என்கிறார். தம்பி இருக்க வேண்டும் என்பதற்காக அவர் இருக்கிறார். அந்தக் கட்டத்தில் சேக்கிழார் வானத்திலிருந்து ஒரு குரலையும் வரவழைக்கவில்லை. இறைவன் தோன்றி ஆறுதல் சொல்லவுமில்லை. ஒரு சிறுவன் காலைப் பற்றிக்கொண்டு அழுதது மட்டுமே அவரை நிறுத்தியது. அதன்பின் அந்தத் தம்பியும் வேறு சமயம் நாடிச் சென்றுவிட்டார். திலகவதியார் திருவதிகையில் விடியுமுன் எழுந்து கோயிலை அலகிட்டு, மெழுகி, பூக்கொய்து மாலை தொடுத்து வாழ்ந்தார். தம்பிக்காக வேண்டினார். சூலை நோயால் துடித்த தம்பி, தமக்கு அன்னம் ஆக்குபவனைத் தூதனுப்பினார். பிறகு இரவோடு இரவாகத் தாமே தமக்கையிடம் வந்து சேர்ந்தார். அவரே திருநாவுக்கரசர் ஆனார் என்பது பிற்பகுதி. நாம் நின்று பார்க்க வேண்டியது இடைப்பட்ட ஆண்டுகளை. கையில் துடைப்பமும் நெஞ்சில் ஒரு வேண்டுதலுமாக, விடை வராமலே கழிந்த விடியல்கள் எத்தனை இருந்திருக்கும்!

இந்த அவையில் பல சமயத்தாரும் இருக்கிறீர்கள். அடைக்கலம் எந்த ஒரு சமயத்துக்கும் தனியுடைமையாக நின்ற சொல் அன்று. கவுந்தியடிகள் சமணர் என்பதை மறக்கலாகாது. இத்தாலியிலிருந்து வந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், ஏலாக்குறிச்சியில் எழுந்த கன்னிமரியின் கோயிலுக்கு அடைக்கல மாதா என்னும் பெயரையே தேர்ந்தார். அத்தலத்தின்மேல் திருக்காவலூர்க் கலம்பகமும் பாடினார். அயல்மொழியாளர் ஒருவர் நம் மொழிக்குள் தேடி எடுத்த சொல் இது என்பதில் நமக்கு ஒரு பெருமிதம் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் தவக்குல் என்பர். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவனை நம்பட்டுமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு நம்பு என்று நபிகள் விடையளித்ததாக வரும் செய்தி அவர்களிடையே பெயர்பெற்றது. மருந்துண்பதும் மருத்துவரை நாடுவதும் பள்ளி வழிகாட்டு ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேசுவதும் நம்பிக்கைக்கு முரண் என்று கருதும் மாணவர் எவரேனும் இங்கிருந்தால், அந்த ஒட்டகத்தை நினைத்துக்கொள்ளட்டும்.

நம் மண்ணில் இச்சொல் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மாரியம்மன் கோயில், கப்பலிலிருந்து இறங்கி வேலையும் உறவும் இல்லாமல் நின்ற தமிழர்க்கு, வேலை கிடைக்கும்வரை தங்கும் இடமாக இருந்தது. தெய்வத்திடம் அடைக்கலம் புகுதல் என்பது அவர்களுக்குப் பாய் விரிக்க ஓர் இடம் கிடைத்தல் என்றே தொடங்கியது. பின்னர், 1942-43ஆம் ஆண்டுகளில் சயாம்-பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் பாதை அது. காலராவும் பசியும் ஆயிரமாயிரம் பேரைக் கொண்டன. திரும்பாதவர்களின் வீடுகளில், இறைவன் காப்பாற்றினான் என்றும் சொல்ல முடியாமல், இறைவன் இல்லை என்றும் சொல்ல முடியாமல் பெண்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள். அவர்களிடம் போய்க் கடவுளை நம்பு என்று சொல்லும் தகுதி நமக்கு உண்டா? அவர்கள் அழுததையும் சினந்ததையும் கேட்டுக்கொண்டு அருகிலிருந்த அண்டை வீட்டார் உண்டே, மாதரியின் வேலையைச் செய்தவர்கள் அவர்களே.

ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டிக்கொள்வோம். மாணவர் ஏட்டில் இத்தகைய வரி ஒன்றைக் காண நேர்ந்தால், ஒற்றைத் திருத்துங்கள். அது நம் கடமை. திருத்திய பின் ஏட்டை உடனே மூடிவிடாதீர்கள். நாம் அன்று மூடிவிட்டோம். நீத்தல் விண்ணப்பம் நம் மேசைமேலேயே இருந்தது. இப்படியும் கேட்டிருக்கிறார்கள், படித்துப் பார் என்று அம்மாணவியிடம் கொடுத்திருக்கலாம். அவள் தேர்வு எழுதினாள், தேர்ச்சியும் பெற்றாள் என்பது வரை அறிவோம். அதன்பின் அவளை நாம் காணவில்லை.

வினாக்களுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாகத் தலைவர் கூறினார். மாணவர்கள் முதலில் கேட்கட்டும்.